மலையில் தெரிவது புகையா, பனியா? பிள்ளைகளோடு தத்துவம் பேசுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகள் ஜமக்காளம் விரித்து வட்டமாக உட்காருகிறார்கள். ஏழு வயது முதல் பதின்மூன்று வயது வரை, பன்னிரண்டு பேர் வருவார்கள், சில வாரம் பதினைந்து. கட்டணம் இல்லை, பாடம் இல்லை. ஒரு கேள்வியை எடுத்து ஒரு மணி நேரம் பேசுவோம், அவ்வளவுதான். இதைக் கேள்விப்பட்ட பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

தத்துவமா? அது வயதான பிறகு படிப்பதில்லையா?

ஒரு மாசி மாதத்து மாலை. எங்கள் மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். மலையின் இடுப்பில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. "மலையில தீ பிடிச்சிருக்கு" என்றான் ஒரு பையன். "அது பனிடா" என்றாள் இன்னொருத்தி. கோடையை ஒட்டி அங்கே காட்டுத் தீ பிடிப்பதும் உண்டு, மேகம் இறங்கி உட்காருவதும் உண்டு. இரண்டு பேர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். அப்போது எட்டு வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "இங்கேயிருந்தே எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அதுதான் தத்துவம். ஒன்று நமக்குத் தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? எது நியாயம்? ஒரு பொருள் எப்போது வேறு பொருளாகிறது? இதையெல்லாம் பிள்ளைகள் நாம் சொல்லிக் கொடுக்காமலே கேட்கிறார்கள். பெயர்கள், வாதங்கள், நூல்கள் எல்லாம் பிற்பாடு வரட்டும். எட்டு வயதுக்குத் தேவை, தன் கேள்வியை யாராவது கேள்வியாக மதிப்பது.

அன்று அவர்கள் அரை மணி நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகை என்றால் அடி ஒரே இடத்தில் நிற்கும், மேலே போகப் போக விரியும். பனி என்றால் மொத்தமாக நகரும். இதை நான் சொல்லவில்லை, அவர்களே பார்த்துச் சொன்னது. பனிதான் என்று முடிவாயிற்று. தீ என்று சொன்ன பையன் தானாகவே "நான் சொன்னது தப்பு" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் வெட்கம் இல்லை. எனக்கு அந்த மாலையில் மிகப் பிடித்தது அதுதான்.

இது வெளிநாட்டுச் சரக்கு இல்லையா?

பள்ளிக்கூட முறையாக இதை வகுத்தவர் அமெரிக்கர், மாத்யூ லிப்மன். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தார். கல்லூரிக்கு வந்த பிறகு காரண காரியம் பார்த்துச் சிந்திக்கக் கற்றுக் கொடுப்பது காலம் கடந்த வேலை என்று அவருக்குத் தோன்றியது. 1960களின் கடைசியில் பாடநூலுக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதினார். அந்தக் கதையில் வரும் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிப் பேசியே சிந்தனையின் விதிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். 1974இல் ஆன் மார்கரெட் ஷார்ப் என்பவரோடு சேர்ந்து நியூஜெர்சியின் மான்ட்கிளேரில் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். வட்டமாக உட்காருவது, ஒரு கதையைப் படிப்பது, பிள்ளைகளே கேள்வி எழுப்பி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, காரணம் கேட்டுப் பேசுவது என்ற அமைப்பு அங்கிருந்து பல நாடுகளுக்குப் போனது. நான் நடத்துவதும் ஏறக்குறைய அதுதான். கடனை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் காரணம் கேட்டுப் பேசும் பழக்கம் நமக்குப் புதிது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். மணிமேகலையின் 27ஆம் காதையில் அவள் வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் "உங்கள் கொள்கை என்ன" என்று கேட்டுக்கொண்டே நடக்கிறாள். 29ஆம் காதையில் அளவை இலக்கணமே, அதாவது காரணம் காட்டி ஒன்றை அறியும் முறையே, வருகிறது. அதில் உள்ள எடுத்துக்காட்டைப் பாருங்கள்: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையைப் போல. அது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பைத் துணிவது குற்றம் என்பதும் அங்கேயே இருக்கிறது. என் மாடியில் பிள்ளைகள் பேசியதை அடுத்த வாரம் இந்தப் பகுதியோடு சேர்த்துச் சொன்னபோது, "அவங்களும் மலையைப் பார்த்துட்டு இருந்திருக்காங்க" என்றாள் அந்த எட்டு வயதுக்காரி.

அப்புறம் விக்கிரமாதித்தனும் வேதாளமும். ஒவ்வொரு கதை முடிவிலும் வேதாளம் ஒரு சிக்கலான நியாயக் கேள்வி போடுகிறது. இதைவிட நல்ல கருவி எங்கே கிடைக்கும்? நான் கதையைக் கேள்வி வரைக்கும் சொல்லி நிறுத்திவிடுவேன். விக்கிரமாதித்தன் சொன்ன பதிலைப் பிள்ளைகள் பேசி முடித்த பிறகுதான் சொல்வேன். பாதி நேரம் அவன் பதிலை அவர்கள் ஏற்பதில்லை.

ஒரு சனிக்கிழமை எப்படிப் போகும்? அப்படியே சொல்லுங்களேன்.

சொல்கிறேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி புதுக் கொலுசோடு வந்தாள். எங்கள் ஊரில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு கொலுசுப் பட்டறைதான். அவள் கேட்டது: "பாட்டி கொலுசை அழிச்சு எனக்குச் செஞ்சாங்க. இது பாட்டி கொலுசா, என் கொலுசா?"

"வெள்ளி அதேதானே, அப்ப பாட்டி கொலுசுதான்" என்றார்கள் நாலைந்து பேர். வேலை முடிந்தது போலத்தான் இருந்தது. வட்டத்தில் கொலுசுப் பட்டறைக்காரர் மகன் ஒருவன் உண்டு, அதிகம் பேசமாட்டான். அவன் சொன்னான்: "உருக்குறப்ப எல்லாரு வெள்ளியும் ஒண்ணாத்தான் போகும். அவங்க வெள்ளிதான் இதுல இருக்குன்னு எப்படிச் சொல்லுவீங்க?" எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். கொலுசுக்காரப் பெண்ணின் முகம் சுருங்கியது.

அப்புறம் ஒருத்தி சத்தத்தைப் பிடித்தாள். பழைய கொலுசின் முத்துச் சத்தம் இதில் வருமா? வராது என்றால் அது போய்விட்டது என்றுதானே பொருள்? இன்னொருவன் உருவத்தைப் பிடித்தான். மூன்றாவதாக ஒரு குட்டிப் பையன் வேறு பாதையில் போனான்: "பாட்டி அதைக் கொடுக்கிறப்ப என்ன சொன்னாங்க?" "நீ போட்டு நடந்தா நான் நடக்கிற மாதிரி இருக்கும்னாங்க" என்றாள் அவள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பொருள் எதனால் ஆனது என்று தொடங்கிய பேச்சு, பொருள் யாருடைய நினைவில் இருக்கிறது என்று திரும்பிவிட்டது. கடைசியில் ஒருவன் கேட்டான்: "ஒண்ணாம் வகுப்புல இருந்த பல்லெல்லாம் எனக்கு விழுந்திடுச்சு. நான் அதே ஆளா?"

புளூடார்க் என்ற கிரேக்க ஆசிரியர் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் தீசியஸ் என்ற கிரேக்கப் புராண வீரனின் கப்பலைப் பற்றி எழுதினார். ஏதென்ஸ்காரர்கள் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை போட்டுக்கொண்டே வந்தார்கள். அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பிள்ளைகள் கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான். முதலிலேயே கப்பல் கதையைச் சொல்லியிருந்தால் கொலுசு வந்திருக்காது.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் பேசியது கொஞ்சம்தான். "ஏன் அப்படி நினைக்கிறே?" "அவ சொன்னதை உன் வார்த்தையில சொல்லு." "எல்லாச் சமயத்திலயும் அப்படியா?" இந்த மூன்றைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டேன்.

எந்தக் கேள்வியை எடுப்பது? எல்லாக் கேள்வியும் ஆகுமா?

ஆகாது. "மேட்டூர் அணை எந்த வருடம் கட்டி முடிந்தது?" என்றால் 1934, தீர்ந்தது. "உனக்கு மல்கோவா பிடிக்குமா, இமாம்பசந்தா?" என்பது ருசி, அதில் வாதாட ஒன்றுமில்லை. "பக்கத்து வீட்டு மாமரக் கிளை தெருவுக்கு நீண்டிருக்கிறது, தெருவில் விழுந்த பழம் யாருக்கு?" என்பதில் பேச்சு ஓடும். காரணம் தேவைப்பட வேண்டும், ஒரே பதிலில் முடியக் கூடாது, பிள்ளை உண்மையிலேயே அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். கேள்வியை நான் தேர்ந்தெடுப்பதில்லை. நாலைந்து கேள்விகளைப் பலகையில் எழுதிக் கை தூக்கச் சொல்வேன்.

எந்த வயதில் தொடங்கலாம்?

வாய் பேச வந்துவிட்டால் போதும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் இருபது நிமிடம், கதையும் படமும் வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் முதன்முதலாக வருபவர்களுக்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும். "சரியான விடை" எங்கே ஒளிந்திருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

பட்டிமன்றம் மாதிரியா?

பட்டிமன்றம் எனக்குப் பிடிக்கும், திருவிழாவில் உட்கார்ந்து கேட்பேன். ஆனால் அங்கே எந்தக் கட்சி என்று முதலிலேயே முடிவாகிவிடுகிறது. நடுவில் மனம் மாறினால் தோல்வி. இங்கே மனம் மாறலாம், மாறினால் ஏன் மாறியது என்று சொல்ல வேண்டும். பள்ளிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைகள் இங்கே முதல் சில வாரம் தவிப்பார்கள். குரலும் கையும் தயாராக இருக்கும், அடுத்தவர் சொன்னதைக் கேட்கும் பழக்கம் இருக்காது.

கேள்வி கேட்கப் பழகினால் பெரியவர்களை எதிர்த்துப் பேசுவார்களே?

இதுதான் அதிகம் பேர் கேட்பது, கேட்பவர்களின் பயமும் எனக்குப் புரிகிறது. ஒருமுறை ஒரு தறிக்காரர் நேராக வீட்டுக்கே வந்தார். "தம்பிக்கு மட்டும் ஏன் ரெண்டு முட்டை? எனக்கு ஏன் ஒண்ணு?" என்று மகள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டாள். "நீங்க என்ன சொன்னீங்கண்ணா?" என்றேன். "வாயை மூடுன்னேன்." "கத்தினாளா, மரியாதை இல்லாமப் பேசினாளா?" "இல்லீங்க, மெதுவாத்தான் கேட்டா." அவர் கொஞ்ச நேரம் தறி ஓடும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு வேறு ஏதோ பேசிவிட்டுப் போனார். மகள் அடுத்த வாரமும் வந்தாள்.

கேட்பதும் எதிர்ப்பதும் ஒன்று என்று நம் வீடுகளில் நினைத்துவிடுகிறோம். கேட்கும் முறையைக் கற்றுக் கொடுக்கலாம். "நீங்க சொல்றது புரியுது தாத்தா, ஒரு சந்தேகம் மட்டும்" என்று தொடங்க எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறேன். வட்டத்திலும் ஆளைத் திட்டக் கூடாது, கருத்தைத்தான் பேசலாம். லிப்மன் இந்த அக்கறையையும் சிந்தனையின் ஒரு வகையாகவே எண்ணினார். ஆராய்ந்து பார்ப்பது, புதிதாக உண்டாக்குவது, அக்கறை கொள்வது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சிந்தனை என்பது அவர் கருத்து. நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

கடவுள், சாவு, சாதி பற்றிக் கேட்டால்?

கடவுளைப் பற்றிப் பேசலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நம்பிக்கை, அதை நான் தொட்டுக் கலைக்க மாட்டேன். "இதை உங்க பாட்டிகிட்டயும் கேட்டுட்டு வா" என்று அனுப்புவேன். திரும்பி வரும் பதில்கள் பல நேரம் என்னுடையதைவிட ஆழமானவை.

சாவு வேறு. ஒரு பிள்ளையின் வீட்டில் இழவு விழுந்த வாரத்தில், அதைப் பேசுபொருளாக்கி ஒரு தவறு செய்தேன். மற்றவர்கள் சுவாரஸ்யமாகப் பேசினார்கள், அந்தப் பிள்ளை மூலையில் உறைந்து போயிருந்தது. துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு வேண்டியது பக்கத்தில் ஒரு ஆள். பேச்சுக்கு மாதங்கள் கழித்து வரலாம், அதுவும் அந்தப் பிள்ளையே தொடங்கினால்.

சாதி விஷயத்தில் நான் "இரண்டு பக்கமும்" என்று நிற்பதில்லை. தீண்டாமையை நம் அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. "ஒருவர் பிறப்பால் தாழ்ந்தவரா?" என்பதை ஓட்டுக்கு விடக் கூடாது. ஆனால் "இது தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தும் ஏன் போகவில்லை?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை மூன்று வாரம் பேசினோம்.

படைப்பாற்றல் என்கிறார்களே, அதற்கு என்ன பயிற்சி?

அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்ட் 1950இல் தன் சங்கத்தின் தலைமை உரையில் படைப்பாற்றலை ஆராயாமல் விட்டுவிட்டோமே என்று பேசினார். விரிசிந்தனை என்று நாம் சொல்வது, அதாவது ஒரே விடையில் நிற்காமல் பல விடைகளை யோசிப்பது, அவர் வகுத்தது. ஒரு செங்கலை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்கும் பயிற்சியும் அந்த வழியில் வந்தது. எத்தனை யோசனை, எத்தனை வகை, எவ்வளவு புதுசு, எவ்வளவு விரிவு என்று பார்ப்பார்கள்.

நான் செங்கலுக்குப் பதில் தேய்ந்துபோன ஒரு தறி நாடாவை, அதாவது தறியில் ஊடு நூலோடு இருபக்கமும் ஓடும் படகு வடிவக் கட்டையை, நடுவில் வைப்பேன். நம் பிள்ளைகள் தினமும் பார்க்கும் சாமான். முதல் பத்து யோசனை எல்லோருக்கும் வருவது: பேனா டப்பா, பொம்மைப் படகு, அகல் வைக்கும் தாங்கி. பதினைந்துக்கு மேல் வறண்டுபோகும், நெளிவார்கள். அங்கேதான் விடாமல் உட்கார வேண்டும், புதுசு அந்த நெளிவுக்குப் பிறகுதான் வருகிறது. "நாடா ரெண்டு பக்கமும் போய்ப் போய் வருது. சண்டை போட்ட ரெண்டு பேருக்கு நடுவுல இதை வெச்சு, இது யார் கையில இருக்கோ அவங்க மட்டும் பேசணும்" என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து எங்கள் வட்டத்தில் அந்த நாடா கையில் இருப்பவர்தான் பேசுகிறார்.

எதுவும் சொல்லாமல் "கற்பனை பண்ணு" என்றால் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்ததைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். ஒரு கட்டுப்பாடு போட வேண்டும். "நம்ம ஊர்ச் சிற்றுண்டி தட்டுவடை செட்டை அதுவரை பார்க்காதவருக்கு, சாப்பாட்டுச் சொல் ஒன்றுகூட இல்லாமல் சொல்" என்று கேட்டுப் பாருங்கள்.

ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனால் என்ன பேசலாம்?

அதற்கு மலையே போதும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போதே கீழே சேலத்தின் மேக்னசைட் சுரங்கங்கள் வெள்ளை வெளேரென்று தெரியும். அங்கே ஒரு வளைவில் நிறுத்திக் கேட்டேன்: "ஒரு கரட்டை, அதான் சின்னக் குன்றை, வெட்டிக்கிட்டே போனா, எந்த லோடோட அது கரடாக இல்லாமப் போகும்?" பழைய கிரேக்கத்தில் தானியக் குவியலை வைத்துக் கேட்ட கேள்விதான் இது. ஒரு மணியை எடுத்தால் குவியல் போய்விடுமா? இன்னொன்று? பிள்ளைகள் லாரியை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

மேலே போனால் காப்பித் தோட்டம். உயரமான சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, நிழலில் காப்பிச் செடி. இது காடா, தோட்டமா? நட்டது மனிதன், வந்து தங்கியது பறவைகள். யார் முடிவு செய்வது? ஏரி வற்றினாலும் ஏற்காடு ஏற்காடுதானா? அந்த மலையின் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள், அவர்கள் பேசுவது தமிழ் என்பதையும், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் வழிவழிக் கதையில் சொல்வதையும் கேட்டு அசந்துபோனார்கள். மலையை ஆள்பவர் மலையாளி. ஒரு பெயரைக் கேட்டதும் நமக்குள் தானாக எழும் முடிவைப் பற்றி இறங்கும் வழியெல்லாம் பேச்சு.

பேசவே பேசாத பிள்ளையை என்ன செய்வது?

விடுங்கள். பட்டறைக்காரர் மகன் ஏழு மாதம் பேசவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "பாஸ்" என்று சொல்லிவிட்டு நாடாவைக் கடத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

நான் ஆசிரியர். நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், பாடம் முடிக்க வேண்டும். முடியுமா?

வாரத்தில் ஒரு பாட வேளை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இருக்கும் பாடத்திலேயே ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடி காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளில் அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, காரணம் சொல்வது கூடியது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். செலவே இல்லாத மாற்றம், ஆனால் அந்த மூன்று விநாடி மௌனத்தைத் தாங்குவது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். கூட்டம் பெரிதாக இருந்தால் உள்வட்டம் பேசட்டும், வெளிவட்டம் யார் நல்ல காரணம் சொன்னார் என்று குறிக்கட்டும். பாதி நேரத்தில் இடம் மாற்றுங்கள்.

மதிப்பெண் கூடுமா?

நேர்மையாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இந்த முறையை வைத்து 48 பள்ளிகளில் நடத்திய ஒரு சோதனையின் அறிக்கை 2015இல் வந்தது. வாசிப்பிலும் கணக்கிலும் சுமார் இரண்டு மாத அளவு முன்னேற்றம் என்றது. பலரும் அதையே இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் அதைவிடப் பெரிய அளவில் நடத்தி 2021இல் வெளியான சோதனையில் வாசிப்பில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. அதனால் மதிப்பெண்ணுக்காக அனுப்பாதீர்கள். சேர்ந்து உட்கார்ந்து, கேட்டு, காரணம் சொல்லி, மனம் மாறத் தெரிந்த பிள்ளை வேண்டும் என்றால் அனுப்புங்கள்.

எனக்குத் தத்துவம் தெரியாது. வீட்டில் நான் செய்ய முடியுமா?

முடியும். "எனக்கும் தெரியலையே கண்ணு, நீ என்ன நினைக்கிறே?" என்று உண்மையாகச் சொல்ல வந்தால் போதும். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி நடித்தால் பிள்ளைகள் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். இப்போது கைபேசியைக் கேட்டால் எதற்கும் பதில் வருகிறது. தகவல் என்றால் பாருங்கள், சேர்ந்தே பாருங்கள். அப்புறம், "இது சரின்னு எப்படி நம்புறது?" என்ற கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்படி முடிப்பீர்கள்? விடை சொல்வீர்களா?

சொல்ல மாட்டேன். கடைசிச் சுற்றில் நாடா எல்லோர் கைக்கும் போகும். தொடங்கும்போது நினைத்ததையே இப்போதும் நினைக்கிறாயா, மாறிவிட்டதா, மாறியது யார் பேச்சால் என்று ஒரு வரி. கொலுசு வாரத்தில் அந்தப் பெண் சொன்ன வரி: "வெள்ளி யாரோடதுன்னு தெரியலை. நடக்கிறது நான்தான்." பிறகு தெருமுனைக் கடையிலிருந்து தட்டுவடை செட் வரும். சாப்பிட்டுக்கொண்டே மறுபடியும் அதே வாதத்தைத் தொடங்குவார்கள். ஏழு மணிக்கு வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிடும் வரை.